எது திருப்புமுனை? ஹைட்டி அடிமைகளின் எழுச்சியும் அவர்தம் தலைவர்களும்

உலக வரலாற்றின் போக்கை மாற்றியவர் யார், எந்த ஆண்டு, எந்தப் போர் என்னும் வினாக்களை எடுத்துக்கொண்டு நம் சங்கத்துப் படிப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நடைபெறும் சொற்போர்களை நாம் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். அலெக்சாந்தர் பெயர் வரும். அசோகர் பெயர் வரும். நெப்போலியன் பெயர் தவறாமல் வரும். பாஸ்டீல் சிறை தகர்ந்த 1789ஆம் ஆண்டே உலகின் திருப்புமுனை என்று ஒருவர் மேசையைத் தட்டுவார். இல்லை, உருசியப் புரட்சி நடந்த 1917ஆம் ஆண்டே என்று மற்றொருவர் எழுவார். தேநீர் ஆறிப்போகும். அப்படியொரு மாலையில், மேனிலைப் பள்ளியில் பயிலும் மாணவர் ஒருவர் எழுந்து, "அடிமையாகக் கிடந்தவர்களே எழுந்து, ஆண்டவர்களை வென்று, தாங்களே ஒரு நாட்டை அமைத்ததாக வரலாற்றில் எங்கேனும் உண்டா, ஐயா?" என்று கேட்டார். உண்டு, ஹைட்டி என்று விடை கூறினோம். அதற்குமேல் விரித்துரைக்க அன்று நேரமில்லை. உண்மையைச் சொன்னால், விரித்துரைக்கும் அளவுக்கு அன்று நாம் படித்திருக்கவும் இல்லை. வெள்ளிவிழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, அம்மாணவருக்குத் தரவேண்டிய பாக்கியை இங்கே செலுத்திவிடலாம் என்று எண்ணினோம்.

கரிபியன் கடலில், கியூபாவுக்குக் கிழக்கே, இஸ்பானியோலா என்னும் தீவு உள்ளது. 1492இல் கொலம்பஸ் வந்திறங்கிய தீவுகளுள் அதுவும் ஒன்று. அங்கு வாழ்ந்த தாயினோ மக்கள் தங்கச் சுரங்க வேலையாலும் வாளாலும் நோயாலும் சில தலைமுறைகளுக்குள் ஏறக்குறைய அழிந்துபோயினர். 1697இல் தீவின் மேற்குப் பகுதி ஸ்பெயினிடமிருந்து பிரான்சுக்குக் கைமாறியது. சேன் தொமேங் என்பது பிரெஞ்சுக்காரர் அதற்கு இட்ட பெயர். தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்திலொரு பங்கைவிடச் சற்றே பெரிய அந்நிலப்பகுதி, 1789ஆம் ஆண்டளவில் ஐரோப்பா உண்ட சர்க்கரையில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கையும், குடித்த காப்பியில் பாதியையும் விளைவித்தது. உலகிலேயே மிகுந்த செல்வம் கொழித்த குடியேற்ற நாடு அதுவே என்று அக்காலத்தவர் எழுதினர். அந்தச் செல்வத்தை விளைவித்தவர்கள் ஏறத்தாழ 5 இலட்சம் அடிமைகள். வெள்ளையர் தொகை 40,000ஐத் தாண்டவில்லை.

அடிமைகளுள் மூன்றில் இருவர் அங்குப் பிறந்தவரல்லர். ஆப்பிரிக்காவில் பிறந்து, கப்பலின் அடித்தளத்தில் விலங்கிடப்பட்டு வந்தவர்கள். இது எதனால் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பிறப்பினும் இறப்பு மிகுந்திருந்தது. கரும்புத் தோட்டம் மனிதரைத் தின்றது. தின்ற இடத்தை நிரப்ப ஆண்டுதோறும் புதியவர்களை வாங்கினர். 1780களில் ஓர் ஆண்டுக்கு முப்பதாயிரம் பேர் என்னும் அளவில் அவ்வணிகம் நடந்தது. இவர்களை ஆளுவதற்கென 1685இலேயே பதினான்காம் லூயி மன்னர் ஒரு சட்டம் இயற்றியிருந்தார். 'கறுப்புச் சட்டம்' என்று அதற்குப் பெயர். அதன்படி அடிமை என்பவன் அசையும் சொத்து. ஒரு மாதம் ஓடி ஒளிந்தவனுக்குக் காதுகளை அறுத்துத் தோளில் சூடுபோட வேண்டும். மறுமுறை ஓடினால் கால்நரம்பை அறுக்க வேண்டும். மூன்றாம் முறை மரணம். இவை கொடியவன் ஒருவனின் வெறிச்செயல்கள் அல்ல. எண்ணிடப்பட்ட விதிகள், மன்னரின் முத்திரை பெற்றவை.

நம்மவர் சற்று நின்று கவனிக்க வேண்டிய செய்தி இனிமேல் வருவது. வெள்ளையர்க்கும் அடிமைகளுக்கும் நடுவே, ஏறத்தாழ 28,000 பேர் கொண்ட மூன்றாம் பிரிவினர் இருந்தனர். வெள்ளைத் தந்தைக்கும் கறுப்பினத் தாய்க்கும் பிறந்தோரும் அவர்களின் வழிவந்தோரும், விடுதலை பெற்ற கறுப்பினத்தவரும் அதில் அடங்குவர். இவர்களுட் பலர் செல்வர். தோட்டங்களும் அடிமைகளும் உடையவர்கள். ஆயினும் வெள்ளையரின் குடும்பப் பெயரை அவர்கள் சூடக்கூடாதென 1773இல் ஆணை பிறந்தது. வெள்ளையரைப் போல் ஆடையணியலாகாதென 1779இல் மற்றோர் ஆணை. மருத்துவத் தொழில் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. மோரோ தெ சேன் மெரி என்னும் வழக்கறிஞர், ஒரு மனிதனின் குருதியை 128 பங்குகளாகப் பிரித்து, எத்தனை பங்கு வெள்ளை, எத்தனை பங்கு கறுப்பு என்று கணக்கிட்டு, ஒவ்வொரு கலப்புக்கும் ஒரு பெயர் வைத்து அட்டவணையே எழுதினார். உடை, பெயர், தொழில், இருக்கை என்று எதையெதைப் பறித்தால் மனிதன் குன்றிப்போவான் என்பதை உயர்ந்தோர் எனப்படுவோர் எல்லா நாடுகளிலும் ஒன்றுபோலவே கண்டுபிடித்திருக்கின்றனர்.

1789 ஆகஸ்டில் பாரிசில் மனித உரிமைப் பிரகடனம் வெளியாயிற்று. மனிதர் அனைவரும் பிறப்பால் உரிமையுடையவர் என்றால் தோட்ட அடிமையும் மனிதனா என்னும் கேள்வியை அந்த அவை ஐந்தாண்டுக் காலம் எடுப்பதும் ஒத்திவைப்பதுமாக இருந்தது. அதற்கிடையில் கலப்பினச் செல்வரான வின்சென்ட் ஓழே என்பவர் பாரிசிலிருந்து திரும்பி, தம் வகுப்பினர்க்கு வாக்குரிமை கேட்டு 1790 அக்டோபரில் ஆயுதம் ஏந்தினார். தாம் அடிமைகளை எழுப்ப வரவில்லை என்பதை அவர் தெளிவாகவே கூறினார். எழுப்பியிருந்தால் ஒருவேளை வென்றிருப்பார். சில நூறு பேரோடு தோற்றுப் பிடிபட்டு, 1791 பிப்ரவரியில் சக்கரத்தில் கட்டி எலும்பு முறித்துக் கொல்லப்பட்டார். படிக்கட்டின் நடுப்படியில் நிற்பவன் மேற்படியை மட்டுமே பார்த்துப் போராடினால் என்ன நேரும் என்பதை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

1791 ஆகஸ்டு நடுவில், வடசமவெளியின் தோட்டங்களிலிருந்து வந்த அடிமைகள் இரவில் காட்டிடையே கூடினர். புவா கைமான் என்று அக்கூட்டம் நினைவுகூரப்படுகிறது. பூக்மான் என்பவர் தலைமையேற்றார். இவர்களுட் பலர் தோட்டங்களில் மேலாளாகவும் வண்டியோட்டியாகவும் இருந்தவர்கள். ஆகவே ஒரு தோட்டத்துக்கும் மறுதோட்டத்துக்கும் செய்தி கொண்டுசெல்ல அவர்களால் இயன்றது. ஆகஸ்டு 22ஆம் நாள் இரவு எழுச்சி தொடங்கிற்று. கரும்புக் கொல்லைகளும் ஆலைகளும் கொதிகொப்பரைகளும் தீக்கிரையாயின. சில வாரங்களில் நூற்றுக்கணக்கான தோட்டங்கள் சாம்பலாயின. இரு புறத்தும் கொலைகள் நடந்தன. நவம்பரில் பூக்மான் கொல்லப்பட்டார். அவர் தலையைக் காப் நகரில் காட்சிக்கு வைத்தனர். எழுச்சி நிற்கவில்லை.

ஆனால் தலைவர்கள் நின்றார்கள். இது பலரும் சொல்லாமல் விடும் செய்தி. அவ்வாண்டு இறுதியில், எழுச்சிப் படைத்தலைவர்களான ழான் பிரான்சுவாவும் பியாசுவும் வெள்ளையரோடு பேரம் பேசினர். தலைவர்களுள் 400 பேர்க்கு விடுதலைச் சீட்டுத் தந்தால், மற்றவர்களைத் தோட்டங்களுக்குத் திருப்பி அனுப்புகிறோம் என்பது பேரம். பிறகு அந்த எண்ணிக்கையை 60 வரை குறைத்துக்கொள்ளவும் இசைந்தனர். அப்பேரத்தில் உடனிருந்தவர்களுள் பின்னாளில் உலகப்புகழ் பெற்ற தூசேன் லூவெர்த்யூரும் ஒருவர். தீயிட்ட மக்களோ சாட்டை ஒழிய வேண்டும், வாரத்தில் மூன்று நாள் தம் சொந்த நிலத்தில் உழைக்க வேண்டும் என்று கேட்டனர். பேரம் ஏன் முறிந்தது என்றால், தோட்டக்காரர்களின் செருக்கினால் முறிந்தது. அடிமைகளோடு நாங்கள் உடன்படிக்கை செய்வதில்லை என்று அவர்கள் தள்ளிவிட்டனர். அவர்கள் சற்று அறிவுடையவர்களாக இருந்திருந்தால் நாம் இக்கட்டுரையை எழுத நேர்ந்திராது.

1793இல் பிரான்சுக்கும் பிரிட்டன், ஸ்பெயின் நாடுகளுக்கும் இடையே போர் மூண்டது. தீவுக்கு வந்திருந்த பிரெஞ்சு ஆணையர் சோந்தோனாக்ஸ், கலகம் செய்த வெள்ளையர் ஒருபுறமும் அயல்நாட்டுப் படைகள் மறுபுறமும் நெருக்க, ஆயுதம் தாங்கிய அடிமைகளின் துணையின்றிப் பிழைக்க முடியாதென்று கண்டார். 1793 ஆகஸ்டு 29ஆம் நாள் வடமாநிலத்தில் அனைவரும் விடுதலை பெற்றவர் என்று அறிவித்தார். அதை எடுத்துரைக்கப் பாரிசுக்குச் சென்ற உறுப்பினருள் ஒருவர், அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ழான் பத்தீஸ்த் பெல்லே. 1794 பிப்ரவரி 4ஆம் நாள் பாரிசின் பேரவை, பிரெஞ்சு நாடுகள் எல்லாவற்றிலும் அடிமைமுறையை ஒழித்துச் சட்டம் செய்தது.

இங்கேதான் நம் படிப்பகத்தில் வாதம் சூடேறும். "பார்த்தீர்களா, விடுதலையைக் கொடுத்தது பிரெஞ்சுப் புரட்சிதானே? 1789 இல்லாமல் 1791 உண்டா?" என்பார் ஒருவர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. மன்னராட்சி ஆட்டங்கண்டதாலும், வெள்ளையர் தமக்குள் பிளவுபட்டதாலும், எழுச்சிக்கு வழி பிறந்தது. ஆயினும் ஐந்தாண்டுக் காலம் அந்தப் பேரவை வாய்திறவாத ஒரு சொல்லை, எரிந்த தோட்டங்கள் வாய்திறக்க வைத்தன என்பதும் உண்மை. எது முந்தியது என்று கோழியும் முட்டையுமாக வாதிடுவதைவிட, அந்த ஒரே சட்டம் வெவ்வேறு தீவுகளில் என்ன ஆயிற்று என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

மார்த்தினிக் தீவை 1794இல் பிரிட்டிஷார் பிடித்துக்கொண்டனர். தோட்டக்காரர்கள் அவர்களை வரவேற்றனர். சட்டம் கரையேறவே இல்லை. குவாதலூப்பில் விக்தோர் ஊக் என்னும் ஆணையர் சட்டத்தோடு கப்பலில் வந்திறங்கி, விடுதலை பெற்றவர்களைப் படையில் சேர்த்து, பிரிட்டிஷாரைத் துரத்தினார். எட்டாண்டுக் காலம் அங்கே சட்டத்தில் அடிமை இல்லை. இந்தியப் பெருங்கடலில், அன்று ஈல் தெ பிரான்ஸ் எனப்பட்ட மொரீசியசிலும் அதன் அருகிலுள்ள ரெயூனியோனிலும் நடந்ததோ வேறு. சட்டத்தை நடைமுறைப்படுத்த 1796இல் வந்த ஆணையர்களை மொரீசியசுத் தோட்டக்காரர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிவிட்டனர். அத்தீவுகளின் அடிமைகளுள் பெரும்பாலோர் மடகாஸ்கரிலிருந்தும் கிழக்காப்பிரிக்காவிலிருந்தும் வந்தவர்களே. ஆனால் நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேற்றி விற்கப்பட்டவர்களும் அவர்களிடையே இருந்தனர். பாரிசில் இயற்றப்பட்ட அந்தச் சட்டத்தால் விடுதலை பெற்றிருக்க வேண்டியவர்களுள் நம் கரையைச் சேர்ந்தவரும் உண்டு என்பதை எத்தனை பேர் அறிவர்? ரெயூனியோனில் அடிமைமுறை 1848 வரை நீடித்தது.

ஆக, சட்டம் ஒன்று; விளைவு நான்கு. சட்டம் காகிதத்தில் வந்த இடத்தில் காகிதமாகவே திரும்பிப் போயிற்று. அதிகாரி கொண்டுவந்த இடத்தில் மற்றோர் அதிகாரி வந்தபோது பறிபோயிற்று. மக்கள் தாமே முன்னதாக எடுத்துக்கொண்ட இடத்தில் மட்டும் அதைப் பறிக்க முடியவில்லை. குவாதலூப்பில் நெப்போலியன் அனுப்பிய படை 1802இல் அடிமைமுறையை மீண்டும் கொண்டுவந்தது. லூயி தெல்கிரெஸ் என்னும் படைத்தலைவர் தம் வீரர் சில நூற்றுவரோடு மத்தூபா மலையில், 1802 மே 28ஆம் நாள், வெடிமருந்துக்குத் தீயிட்டுத் தம்மையும் எதிரியையும் ஒருங்கே மாய்த்துக்கொண்டார். அத்தீவு மக்கள் விடுதலைக்கு இன்னும் 46 ஆண்டு காத்திருக்க நேர்ந்தது. 1848இல் அடிமைமுறை முற்றாக ஒழிந்தபின், கரும்பு வெட்ட ஆள் தேடிய தோட்டக்காரர்கள் எங்கே வந்தார்கள் தெரியுமா? புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும். 1853இல் மார்த்தினிக்குக்கும், 1854 இறுதியில் குவாதலூப்புக்கும் முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல்கள் சென்றன. அடுத்த முப்பது ஆண்டுகளில் இரண்டு தீவுகளுக்குமாக அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் போயினர். அவர்களுள் தமிழர் மிகுதி. ஒடுக்கப்பட்ட சாதியினரும் கணிசமானவர். இன்றும் அங்கே மாரியம்மனுக்குக் கோயில்கள் உண்டு. ஹைட்டிக்கு அத்தகைய கூலிக் கப்பல்கள் செல்லவில்லை. ஆளைக் கேட்டு ஓலை அனுப்ப அங்கே பிரெஞ்சுத் தோட்டக்காரர் எவரும் எஞ்சவில்லை.

இனி, தூசேன் லூவெர்த்யூர். இவரைப் பற்றிப் பேசும்போது நம் இளைஞர்களின் கண்கள் ஒளிர்வதை நாம் கண்டிருக்கிறோம், ஒளிரத் தகுந்தவரே. பிரேதா தோட்டத்தில் அடிமையாகப் பிறந்து, கால்நடை பேணி, வண்டியோட்டியாகி, எழுதப் படிக்கக் கற்று, முப்பது வயதளவில் விடுதலை பெற்றவர். முதலில் ஸ்பெயின் நாட்டுப் படையில் நின்று போரிட்டு, 1794இல் பிரான்சின் பக்கம் வந்தார். தீவைப் பிடிக்க வந்த பிரிட்டிஷ் படை ஐந்தாண்டுகள் போரிட்டு, தன் வீரருள் பாதிக்கும் மேற்பட்டோரை, பெரும்பாலும் மஞ்சள் காய்ச்சலுக்குப் பலிகொடுத்து, 1798இல் அவரோடு உடன்படிக்கை செய்துகொண்டு வெளியேறியது. 1801 தொடக்கத்தில் தீவு முழுவதும் அவர் கைக்குள் வந்தது. அவ்வாண்டு ஜூலையில் வெளியிட்ட அரசியலமைப்பில், இம்மண்ணில் அடிமை என்பவர் என்றும் இருக்க முடியாது என்று எழுதுவித்தார். அதே ஏட்டில், தாம் வாழ்நாள் முழுதும் ஆளுநர் என்றும், தமக்குப்பின் யார் என்பதைத் தாமே குறிப்பிடலாம் என்றும் எழுதுவித்தார்.

அவர் எதிர்கொண்ட சிக்கல் எளியதன்று. படை வேண்டும், துப்பாக்கி வேண்டும், அதற்குப் பணம் வேண்டும், பணம் சர்க்கரையிலும் காப்பியிலும்தான் இருந்தது. ஆகவே தோட்டங்கள் சிதறாமல் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். ஓடிப்போன வெள்ளைத் தோட்டக்காரர்களைத் திரும்பி வருமாறு அழைத்தார். 1800 அக்டோபரில் அவர் பிறப்பித்த ஆணை, உழவன் ஒவ்வொருவனும் படைவீரனைப் போன்றவன். தன் தோட்டத்தை விட்டு அகல்பவன் படையை விட்டு ஓடியவனைப் போல் தண்டிக்கப்படுவான் என்றது. விளைச்சலில் நான்கிலொரு பங்கு உழைப்பவர்க்கு என்று விதி இருந்தது. சாட்டைக்குத் தடை இருந்தது. ஆனால் போவதற்கு உரிமையில்லை. 1801 பிப்ரவரியில் மற்றோர் ஆணை: 50 கரோவுக்குக் குறைந்த நிலத்தை யாரும் விற்கவோ வாங்கவோ கூடாது. நம் கணக்கில் அது ஏறத்தாழ 160 ஏக்கர். நேற்றுவரை அடிமையாக இருந்தவர்கள் நான்கு பேராகவோ பத்துப் பேராகவோ சேர்ந்து, சேர்த்த காசைப் போட்டுச் சிறு துண்டு நிலம் வாங்கிப் பிரிந்துபோவதைத் தடுப்பதே அந்த ஆணையின் நோக்கம். நிலமில்லாதவன் நிலம் வாங்குவதைத் தடுக்கும் சட்டத்தை, நிலமில்லாதவர் நடுவிலிருந்து எழுந்த தலைவரே எழுதினார்.

1801 அக்டோபரில் வடசமவெளியின் உழவர் மீண்டும் எழுந்தனர். வெள்ளையர் சில நூறு பேர் கொல்லப்பட்டனர். அப்பகுதியின் படைத்தலைவர் மொயீஸ், தூசேன் தம் மருமகனாக ஏற்று வளர்த்தவர். உழவர்பால் பரிவுடையவர், பெருந்தோட்ட முறையை வெறுத்தவர் என்று பெயர் பெற்றவர். எழுச்சிக்கு அவரே காரணர் என்று குற்றம் சாட்டி, நவம்பரில் அவரைச் சுட்டுக் கொல்வித்தார் தூசேன். 1938இல் வெளிவந்த 'கறுப்பு ஜாக்கோபின்கள்' என்னும் நூலில் தூசேனைப் போற்றிப் போற்றி எழுதிய சி.எல்.ஆர். ஜேம்சும், இந்த இடத்தில் தம் தலைவரைக் கண்டிக்கத் தயங்கவில்லை. நாமும் தயங்க வேண்டியதில்லை. அவர்க்குப் பரிந்து பேசுவோர், வேறு வழி என்ன இருந்தது, துப்பாக்கிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பர். அக்கேள்விக்கு எளிதில் விடை கூற முடியாது என்பதை ஒப்புகிறோம். ஆயினும் அடுத்த ஆண்டே நெப்போலியனின் படை வந்தபோது, உழவருள் பலர் தூசேனின் அழைப்புக்கு உடனே எழாமல் இருந்ததற்கு மொயீசின் கொலையும் ஒரு காரணம் என்று ஜேம்ஸ் போன்றோர் கருதுவதை நாம் ஏற்கிறோம். விடுதலைக்கு ஆபத்து என்று கூவி அழைப்பவன், நேற்று அந்த விடுதலையைத் தோட்டத்து வேலிக்குள் அடைத்தவனாக இருந்தால், கேட்பவன் காதில் அது எப்படி விழும்?

1802 பிப்ரவரி தொடக்கத்தில், நெப்போலியனின் தங்கை கணவர் லெக்லேர் பெரும்படையோடு காப் நகருக்கு முன் வந்து நின்றார். கிறிஸ்தோஃப் நகரைத் தீக்கிரையாக்கிவிட்டு மலையேறினார். மூன்று மாதக் கடும்போருக்குப் பின் கிறிஸ்தோஃபும், தூசேனும், தெசலீனும் ஒருவர்பின் ஒருவராகப் பணிந்தனர். ஜூன் 7ஆம் நாள் பேச்சுக்கென அழைக்கப்பட்ட தூசேன் கைது செய்யப்பட்டு, பிரான்சின் குளிர்மிகுந்த ஜூரா மலைக் கோட்டையொன்றில் அடைக்கப்பட்டார். 1803 ஏப்ரல் 7இல் அங்கேயே இறந்தார். புத்தகங்களிற் பல இவ்விடத்தில் கண்ணீர் சிந்திவிட்டு நேராக 1804க்குத் தாவிவிடுகின்றன. இடைப்பட்ட மாதங்களை யார் தாங்கினார்கள்?

தெசலீனும் கிறிஸ்தோஃபும் அம்மாதங்களில் பிரெஞ்சுச் சீருடையில் நின்று, பணிய மறுத்தவர்களை வேட்டையாடிக்கொண்டிருந்தனர் என்பதே உண்மை. பணிய மறுத்தவர்கள் மலைகளில் சிறுசிறு கூட்டமாக இருந்தவர்கள். பெரும்பாலும் ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள். பிரெஞ்சு பேசத் தெரியாதவர்கள். அவர்களுள் ஒரு தலைவர் பெயர் சான் சூசி. குவாதலூப்பில் அடிமைமுறை திரும்பியது என்னும் செய்தி கோடையில் எட்டியதும் தீவெங்கும் எழுச்சி மூண்டது. அக்டோபரில்தான் படைத்தலைவர்கள் மீண்டும் மக்கள் பக்கம் வந்தனர். வந்தவர்கள் தலைமையைக் கேட்டனர். நேற்றுவரை எங்களை வேட்டையாடியவனுக்குக் கீழே நிற்பதா என்று கேட்ட சான் சூசியை, கிறிஸ்தோஃப் பேச்சுக்கு அழைத்துக் கொல்வித்தார். பின்னாளில் மன்னராக முடிசூடிய கிறிஸ்தோஃப் மிலோவில் கட்டிய பெரிய அரண்மனைக்கும் சான் சூசி என்றே பெயர். சுற்றுலாப் பயணிகள் அந்த அரண்மனையின் இடிபாடுகளைக் கண்டு வியக்கின்றனர். அப்பெயரில் ஒரு மனிதர் இருந்ததை ஹைட்டி வரலாற்றறிஞர் துரூயோ 1995இல் எழுதிய நூலின் வாயிலாகத்தான் வெளியுலகம் பரவலாக அறிந்தது.

வெற்றி வந்தது. 1803 நவம்பர் 18இல் வெர்த்தியேர் என்னுமிடத்தில் பிரெஞ்சுப் படை இறுதியாகத் தோற்றது. 1804 சனவரி முதல் நாள் தெசலீன் விடுதலையை அறிவித்து, அழிந்துபோன தாயினோ மக்களின் சொல்லாகிய ஹைட்டி என்பதையே நாட்டின் பெயராக்கினார். வென்றது மக்களல்லர், மஞ்சள் காய்ச்சல்தான் என்று கூறுவோர் உண்டு. லெக்லேரும் அக்காய்ச்சலில்தான் 1802 நவம்பரில் மாண்டார். வந்த வீரருள் பெரும்பாலோரும் மாண்டனர். அருகிலுள்ள ஜமைக்காவிலும் அதே கொசு, அதே காய்ச்சல் இருந்தது. பிரிட்டிஷ் வீரர் அங்கும் செத்தனர். அடிமைமுறையோ 1830கள் வரை அங்கே நிலைத்தது. கொசு தானாக எந்த ஆட்சியையும் கவிழ்த்ததில்லை. மழைக்காலம் வரும்வரை எதிரியைக் களத்தில் நிறுத்திவைக்க மனிதர் வேண்டியிருந்தது.

1804 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தெசலீனின் ஆணைப்படி எஞ்சிய பிரெஞ்சுக்காரர், பெண்டிர் பிள்ளைகள் உட்பட, ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். இதை மறைத்து எழுதுவது நமக்கு உடன்பாடன்று. முந்திய ஆண்டு பிரெஞ்சுத் தளபதி ரொஷாம்போ மனிதரைக் கடலில் மூழ்கடித்தும், நாய்களை ஏவியும் கொன்றதைச் சொல்லி அதை நியாயமாக்கிவிட முடியாது. கைக்குழந்தை எந்தத் தோட்டத்துக்கும் உடைமையாளி அல்லவே. அதே தெசலீனின் 1805ஆம் ஆண்டு அரசியலமைப்பு, பிரெஞ்சுப் படையிலிருந்து பிரிந்து நின்ற போலந்து நாட்டவரையும், அங்குக் குடியிருந்த ஜெர்மானியரையும் குடிமக்களாக ஏற்று, ஹைட்டியர் அனைவரும் இனிக் கறுப்பர் என்றே அழைக்கப்படுவர் என்றது. 128 பங்கு அட்டவணைக்கு அதுவே மறுமொழி. இழிசொல்லாக இருந்ததைக் குடியுரிமையின் பெயராக மாற்றிய அந்த ஒரு வரியை நாம் மீண்டும் மீண்டும் படித்தோம்.

உலகம் இதனால் மாறியதா? சேன் தொமேங் கைநழுவப்போகிறது என்று கண்ட நெப்போலியன், அமெரிக்கப் பேரரசுக் கனவைக் கைவிட்டு, 1803இல் லூசியானா நிலப்பரப்பு முழுவதையும் ஐக்கிய அமெரிக்காவுக்கு விற்றார். ஏறத்தாழ 21 இலட்சம் சதுரக் கிலோமீட்டர், விலை 1.5 கோடி டாலர். அந்நாட்டின் பரப்பு ஒரே கையெழுத்தில் இருமடங்காயிற்று. தென்னமெரிக்க விடுதலை வீரர் பொலிவார் தோற்று வந்து நின்றபோது, அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு 1816இல் ஆயுதமும் ஆளும் தந்தவர் ஹைட்டிக் குடியரசுத் தலைவர் பெத்தியோன். செயின்ட் எலினாத் தீவில் கைதியாக இருந்த நெப்போலியன், அப்படையெடுப்புத் தம் பெரும்பிழைகளுள் ஒன்று என்று கூறியதாகப் பதிவு உண்டு.

ஆனால் இவையெல்லாம் அரசர்களின் கணக்கு. ஹைட்டி உழவரின் கணக்கில் பெரிய மாற்றம் வேறு. தூசேன், தெசலீன், கிறிஸ்தோஃப் மூவரும் பெருந்தோட்டத்தைக் காக்க முயன்றனர்; உழவர் அம்மூவரையும் கடந்து நடந்தனர். 1809 முதல் தெற்கே பெத்தியோன் நிலத்தைப் பங்கிடத் தொடங்கினார். பங்கு கிடைக்காதவர் மலைச்சரிவுகளில் தாமே குடியேறினர். வள்ளிக்கிழங்கு, வாழை, சோளம், வீட்டைச் சுற்றிச் சில காப்பிச் செடிகள். 1820களில் சர்க்கரை ஏற்றுமதி ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. நாடு பாழாயிற்று என்று வெளிநாட்டார் எழுதினர். கரும்பு ஆலையில் கை நசுங்கியவனின் பேரன், தன் கிழங்கைத் தானே தோண்டித் தின்றதை அவர்கள் எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?

1825இல் பிரான்சின் பத்தாம் சார்லஸ் மன்னர் 14 போர்க்கப்பல்களை அனுப்பி, உங்கள் விடுதலையை ஏற்கவேண்டுமாயின் தோட்டங்களையும் அடிமைகளையும் இழந்தவர்க்கு ஈடாக 15 கோடி பிராங்கு செலுத்துங்கள் என்றார். லூசியானா முழுவதும் விற்றது ஏறத்தாழ 8 கோடி பிராங்குக்கு என்பதை நினைவிற் கொள்க. குடியரசுத் தலைவர் புவாயே இசைந்தார். முதல் தவணையாகிய 3 கோடியைக் கட்டவே பாரிசு வங்கிகளிடம் கடன் வாங்க நேர்ந்தது. அக்கடனில் கைக்கு வந்தது 2.4 கோடி. மறு ஆண்டே உழவரைத் தோட்டத்தோடு கட்டிப்போடும் சட்டம் மீண்டும் எழுதப்பட்டது; உழவர் அதை மதிக்கவில்லை. 1838இல் ஈட்டுத்தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. மலைச்சரிவில் விளைந்த காப்பியின்மேல் வரி போட்டே அதைக் கட்டினர். தம்மைத் தாமே மீட்டவர்கள், தம் விலையைத் தம்மை விற்றவர்க்குக் கட்டினார்கள். அதன் வழிவந்த கடன்கள் தீர்ந்தது 1947இல். அந்தத் தொகை பற்றி ஆராய இருநாட்டு வரலாற்றறிஞர் குழு அமைக்கப்படும் என்று பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் 2025 ஏப்ரல் 17ஆம் நாள், ஈட்டுத்தொகை ஆணை பிறந்த 200ஆம் ஆண்டு நிறைவில், அறிவித்தார்.

படிப்பகத்தில் எழுந்து கேட்ட அந்த மாணவர் இப்போது கல்லூரியில் வரலாறு பயில்கிறார். விடுமுறையில் வந்தபோது இக்கட்டுரையின் கைப்படியைப் படித்துவிட்டு, "தூசேனை இப்படிக் குறை கூறலாமா, ஐயா? நமக்கென்று கிடைத்த தலைவர்கள் சிலர்தானே" என்று வருந்தினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைச் சொற்போருக்கு அதையே பொருளாக வைத்துவிட்டோம். தூசேன் பக்கம் பேச அவர் இசைந்திருக்கிறார். மொயீஸ் பக்கம் பேச இன்னும் ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை.